அத்தானின் கரவனுக்கு வந்த அனல்

அன்புள்ள பெரியண்ணைக்கு,

அங்கே மழை பிடித்து, காலபோக விதைப்பும் முடிந்திருக்கும். ஊர்ப் புதினத்தை நீங்கள் எழுதுங்கோ. இங்கத்தைப் புதினம் முழுக்க அத்தான்தான்.

அவர் ஒரு பழைய கரவன் வாங்கிவிட்டார். காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற சின்ன வீடு. கட்டில், குசினி, கக்கூசு எல்லாம் எங்கட மாட்டுக் கொட்டிலில் பாதி இடத்துக்குள். ஒக்டோபர் இரண்டாம் திங்கள் இங்கே கனடாவில் நன்றி நவிலும் நாள். அந்த விடுமுறைக்கு அல்கொங்குவின் காட்டில் இலைகள் நிறம் மாறுகிறதைப் பார்க்க ரொறன்ரோச் சனம் வரிசையாக வெளிக்கிடும். பகலில் சேட்டோடு திரியலாம். இரவில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். மார்கழிப் பனிக்கே காதைச் சுற்றித் துவாய் கட்டுகிற நெடுங்கேணிக்காரர் என்ன செய்வார்?

அத்தானுக்கு முதல் வந்தது வன்னி யோசனை. பொருளாதாரத் தடைக் காலத்தில் இரண்டு துளி பெற்றோலைக் காட்டி எழுப்பி, மிச்சத் தூரத்துக்கு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டின ஆள் அல்லவா. "காஸ் அடுப்பை உள்ளுக்கை பத்தவைச்சா அலுவல் முடிஞ்சுது" என்றார்.

அக்கா கண்ணை உருட்டினா. அவ உருட்டினது சரிதான். ஊர்க் குசினியில் கிடுகு இடுக்கால் புகை போய்விடும். கரவனோ மூடின டப்பா. உள்ளே ஒட்சிசன் குறையக் குறைய, மணமே இல்லாத காபனோரொட்சைட்டு வரும். 2008இல் ஒன்டாரியோவின் வூட்ஸ்ரொக் நகரில், காஸ் கணப்பின் புகைவழி அடைபட்டு, ஒரு பொலிஸ் உத்தியோகத்தரும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் இதே வாயுவால் இறந்துபோனார்கள். அவர்கள் பெயரில்தான் 2013இல் ஹோக்கின்ஸ்-ஜினியாக் சட்டம் வந்து, அந்த வாயுவைக் கண்டு கத்துகிற கருவி வீடுகளுக்குக் கட்டாயமானது. போதாததுக்கு, ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும். சுவர் வியர்த்து மெத்தை நனையும்.

ஆகவே ஒழுங்கான ஹீட்டர். அதில் நெருப்புக்கு ஒரு காற்று, ஆட்களுக்கு வேறு காற்று. வெளிக்காற்றை இழுத்து எரித்து, புகையை வெளியிலேயே தள்ளிவிடும். நடுவிலுள்ள இரும்புப் பெட்டியைச் சுற்றி விசிறி அடிக்கிற உட்காற்றுத்தான் சூடாகி எங்களிடம் வரும். விசிறிக் காற்று ஒரு சின்னத் தகட்டைத் தள்ளினால் மட்டுமே காஸ் திறக்கும். பற்றறி இறங்கி விசிறி சோர்ந்தால் நெருப்பும் இல்லை. சிலிண்டர் நிறையக் காஸை வைத்துக்கொண்டு விடியுமட்டும் விறைக்க வேண்டியதுதான்.

தன் கையாலேயே பூட்ட அத்தானுக்குக் கை துடித்தது. ஆனால் ஒன்டாரியோவில் காஸ் வேலைக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அதை வைத்திருந்தவர் வந்து, மூட்டுக்கு மூட்டு சவர்க்கார நுரை பூசி, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தார். "உதை நான் சைக்கிள் ரியூப்புக்குச் செய்தனான், ஒருத்தரும் காசு தரேல்லை" என்றார் அத்தான். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரம், கசிந்தால் நிலத்தோடு படுக்கும். அதனால் கசிவைக் காட்டும் மணியைக் கணுக்கால் உயரத்தில் பூட்டினார்கள். அப்பாவின் சொக்ஸுக்கும் அது அடிக்குமோ என்று சின்னவள் கேட்டாள்.

சண்டை வந்தது சூட்டுக்காற்றுக் குழாயில். நாலு அங்குலக் குழாய் ஒன்று, அதுவும் தன் தலைமாட்டுக்கு என்றார் அத்தான். கக்கூசுக்குள் விறைக்க ஏலாது என்றா அக்கா. ஹீட்டரோடு வந்த புத்தகம் இரண்டு பேரையும் அடக்கியது. இத்தனை குழாய் வாய்க்குக் குறையக்கூடாது, வளைவுகளைக் குறை என்று அதில் கணக்கு இருந்தது. மீறினால் சூடு உள்ளே தேங்கி, காவல் சுவிச் நெருப்பை நிறுத்திவிடும். எல்லாப் பக்கமும் குழாய் போட்ட பிறகும் முதல் இரவு ஹீட்டர் கொஞ்சம் ஓடி நின்றுவிட்டது. அத்தான் பூட்டினவரைத் திட்டத் தொடங்கினார். அக்கா சத்தம்போடாமல் போய், காற்றுத் திரும்புகிற சல்லடைக்கு முன்னால் தான் அடுக்கியிருந்த அரிசிப் பையையும் கருவாட்டுப் பெட்டியையும் இழுத்தா. ஹீட்டர் திரும்ப ஓடியது.

காஸ் கணக்கையும் கேளுங்கோ. இங்கத்தைச் சிலிண்டர் 20 இறாத்தல், 9 கிலோ. உங்கட பன்னிரண்டரைக் கிலோவைவிடச் சின்னது. 16,000 பி.ரி.யூ. ஹீட்டரை விடாமல் எரித்தால் 27 மணித்தியாலம் மட்டில் வரும். உங்கட சிலிண்டர் இங்கே சரிவராது. அதில் கூடப் பியூட்டேன், பூச்சியத்துக்குக் கீழே அது ஆவியாகாமல் திரவமாகவே கிடக்கும். புரொப்பேனோ மறை 42 பாகை வரை கொதிக்கும். அதே புரொப்பேனின் பங்கு கூடினதுதான், 2021 கடைசியில் இலங்கைக் குசினிகளில் நடந்த வெடிப்புகளுக்குக் காரணம் என்று விசாரணைக் குழு சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும்.

காட்டுக்குள் அத்தான் சாரத்தோடு இருந்தார். வெளியே கரடிக்குப் பயந்து, கருவாட்டுப் பெட்டி காருக்குள் பூட்டுப்பட்டிருந்தது.

இப்ப அவருக்கு அடுத்த திட்டம். நெடுங்கேணிக்கும் ஒரு கரவன் இறக்கி, ஹீட்டர் இருக்கிற இடத்தில் ஏசி பூட்டி, அதே குழாயாலேயே குளிர்காற்று விட்டு, வெளிநாட்டுக்காரருக்கு வாடகைக்கு விடலாமாம். உங்கட வளவு வேம்புக்குக் கீழே இடம் இருக்கா என்று கேட்கச் சொன்னார். பதில் எழுத முதல் அக்காவிடம் ஒருக்கால் கேளுங்கோ.

அன்புடன்,
தம்பி