கோப்பை உங்களிடம், சோசர் என்னிடம்

பெருமதிப்புக்குரிய இழப்புத் தடுப்பு முகாமையாளர் அவர்களுக்கு,

உங்கள் தலைமையகத்திலிருந்து ஒரே கிழமையில் எனக்கு இரண்டு கடிதங்கள் வந்து சேர்ந்தன. ஒன்று ‘அன்பார்ந்த கொடையாளரே’ என்று தொடங்குகிறது. நான் தந்த பழைய சாமான்களை விற்றதில் 64 பவுண் சேர்ந்ததாம். நான் வரி கட்டுகிறவள் என்பதால் அரசாங்கம் அதற்கு மேலே 16 பவுண் போட்டுத் தருமாம். என்னைப் போன்ற பெரிய மனம் படைத்தவர்கள் இல்லாவிட்டால் உங்கள் அறப்பணியே நடக்காதாம். மற்றது ‘அறிவித்தல்’ என்று தொடங்குகிறது. பெருந்தெருக் கிளையில் நான் களவெடுத்ததாகச் சந்தேகிக்கப்படுவதால் பன்னிரண்டு மாதங்களுக்கு உங்கள் கடைகள் எதிலும் கால்வைக்கக் கூடாதாம். இரண்டிலும் ஒரே இலச்சினை. கையெழுத்து மட்டும் வேறு. மருமகள் இரண்டையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அருகருகே ஒட்டிவைத்து, வீட்டுக்கு வருகிறவர்கள் எதை முதலில் வாசிக்கிறார்கள் என்று வேடிக்கை பார்க்கிறாள்.

முதலில் உங்கள் விழிப்புணர்வைப் பாராட்டிவிடுகிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொலிஸ் பதிவுசெய்த கடைக் களவுகள், 2025 மார்ச்சில் முடிந்த ஆண்டில் 5 இலட்சத்தைத் தாண்டிவிட்டன. பக்கத்துச் சுப்பர்மார்க்கெட்டில் வெண்ணெய்க்கும் பாற்கட்டிக்கும் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட காலத்தில், பித்த வெடிப்புக் காலோடு தடியூன்றி வந்த ஒரு கிழவியை வாசலைத் தாண்ட விடாமல் பிடிப்பது சாதாரண காரியமா?

களவுபோன பொருள் என்று அறிவித்தலில் இருப்பது: ‘சோசர், பீங்கான், ஒன்று, 50 பென்ஸ்.’ அந்தச் சோசரின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன். நானும் கணவரும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், கிறீன் ஸ்ட்ரீட் சந்தையில் நீலப் பூப்போட்ட கோப்பையும் சோசருமாக ஆறு சோடி வாங்கினோம். வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்க ஏதாவது வேண்டுமே. பிள்ளைகள் வளர வளர ஐந்து சோடி உடைந்தது. எஞ்சிய கோப்பையை, அலுமாரியைத் துப்புரவாக்கிய மருமகள் பையில் கட்டி உங்கள் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். சோசர் கறிவேப்பிலைச் சட்டியின் கீழ்த் தண்ணீர் ஏந்திக்கொண்டிருந்ததால் தப்பியது. கோப்பை இன்னும் விலைப்படாமல் இருந்தால் காசு கொடுத்து மீட்டுவரலாம் என்றுதான் சோசரையும் எடுத்துக்கொண்டு வந்தேன். நீலத்தில் எத்தனையோ நீலம் இருக்கிறது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே தெரியும்?

பழஞ்சாமான் தட்டின் முன்னால் நின்று, சோசரைப் பைக்குள்ளிருந்து எடுத்து, அங்கிருந்த கோப்பைகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஒன்றும் பொருந்தவில்லை. சுற்றிய பத்திரிகைத் தாளிலேயே மறுபடி சுற்றிப் பைக்குள் வைத்தேன். நான் எடுத்ததை ஒருவரும் காணவில்லை. வைத்ததை உங்கள் கிளை முகாமையாளர் கண்டார்.

“லவ், அந்தப் பையைக் கொஞ்சம் திறந்து காட்டுகிறீர்களா?” என்றார். இந்த ஊரில் பஸ் சாரதி முதல் பல் பிடுங்குகிறவர் வரை என்னை ‘லவ்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டே ஒருவர் என்னைக் கள்ளி என்றது இதுதான் முதல் தடவை.

என்னை இருத்திவைத்தார்கள். அதற்குக் குறை சொல்ல மாட்டேன், கதிரை நல்ல கதிரை, 15 பவுண் என்று எழுதித் தொங்கவிட்டிருந்தது. நான் அதில் இருந்தபடி விசாரிக்கப்படும்போது ஒரு மனிதர் வந்து அதன் காலை ஆட்டிப்பார்த்து, “12க்குத் தருவீர்களா?” என்று கேட்டார். உங்கள் முகாமையாளர் விசாரணையை நிறுத்திவிட்டுப் பேரம் பேசினார். 13க்கு முடிந்தது. நான் எழும்பிக் கொடுத்தேன். மிச்ச விசாரணை நின்றபடி. கல்லாவில் டியூக் ஒஃப் எடின்பரோ விருதுக்காகச் சனிக்கிழமைகளில் தொண்டு செய்யும் பெடியன் ஒருவன் நின்றான். பாவம், என் முகத்தைப் பார்க்காமல் ஹாங்கர்களை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டே இருந்தான். அவனுக்கு இந்த விருதை இப்போதே கொடுத்துவிடலாம்.

குற்றச்சாட்டுக்கு இரண்டு அத்தாட்சிகள். ஒன்று, சோசரில் விலைச்சீட்டு இல்லை. ஆகவே நான் உரித்துவிட்டேன். இரண்டு, அது என்னுடையது என்பதற்கு என்னிடம் பற்றுச்சீட்டு இல்லை.

முதலாவது அத்தாட்சியின்படி என் மூக்குக் கண்ணாடி, குடை, பையிலிருந்த பிரஷர் குளிசை எல்லாமே உங்கள் கடைக்குச் சொந்தம். ஒன்றிலும் விலைச்சீட்டு இல்லை. மற்றப்படி, சோசரைச் சுற்றியிருந்தது இலவசத் தமிழ்ப் பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கம். அதை விரித்துக் காட்டி, “உங்கள் கடையில் சாமான்களை இதிலா சுற்றுகிறீர்கள்?” என்று கேட்டேன். முகாமையாளர் அந்தப் பக்கத்தை வெகுநேரம் உற்றுப்பார்த்தார். மாலை போட்ட அத்தனை முகங்களும் என் கூட்டாளிகள் என்று நினைத்தாரோ தெரியாது.

இரண்டாவதுதான் எனக்கு நித்திரை வராமல் செய்தது. பற்றுச்சீட்டு! ஐயா, உங்கள் கடையில் எந்தச் சாமானுக்கு நீங்கள் பற்றுச்சீட்டுக் காட்டுவீர்கள்? அங்கே ‘ஒரு துண்டு இல்லை’ என்று நேர்மையாக எழுதிய புதிர்ப் பெட்டி இருக்கிறது. யாரோ ஒரு பவுல்ஸ் கழகத்தில் இரண்டாம் இடத்துக்குக் கிடைத்த வெள்ளிக் கிண்ணம் இருக்கிறது. யாருடையதோ கலியாணப் படம் உள்ளே இருக்க விற்பனைக்கு வைத்த சட்டகம் இருக்கிறது. அந்த மணமகளை யார் கொண்டுவந்து தந்தது? மணமகனா, மாமியாரா, களவெடுத்தவனா? நீங்கள் கேட்கவில்லை. கேட்டால் கடை நடக்காது. பை வாசலுக்கு வரும், நன்றி சொல்வீர்கள், பின்னறையில் பிரிப்பீர்கள். போடக்கூடிய உடுப்பு முன்னே, போடமுடியாதது கிலோக் கணக்கில் கந்தல் வியாபாரிக்கு. கொண்டுவருகிறவரின் வாய்ச்சொல்லில் நிற்கிற கடையில், ஒரு சோசருக்கு மாத்திரம் உறுதிப்பத்திரம் கேட்கிறீர்கள்.

இவ்வகைக் கடைகளின் பிறப்பே அப்படி. 1942இல், நேசநாடுகளின் முற்றுகையில் கிரேக்கர்கள் பட்டினி கிடந்தபோது ஒக்ஸ்ஃபோர்ட்டில் சிலர் கூடி ஒரு குழு அமைத்தார்கள். அதுதான் பின்னர் ஒக்ஸ்ஃபாம் ஆனது. அந்த தசாப்தம் முடிவதற்குள் புரோட் ஸ்ட்ரீட்டில் கடை திறந்து, சனம் தந்ததையெல்லாம் விற்றார்கள். இன்று இந்த நாட்டில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சரிட்டிக் கடைகள். தானமாக வந்ததை விற்றால் வற் வரி பூச்சியம். கட்டட வரியில் 80 வீதம் சட்டப்படியே தள்ளுபடி. இவ்வளவும் அறத்தின் பேரில் கிடைப்பது. அந்த 80 வீதத்தில் ஒரு வீதத்தையாவது கதிரையில் இருத்திவைத்த மனுசிக்குச் செலவழிக்கலாகாதா?

இதுவும் சொல்ல வேண்டும். 2016இல் ஸ்வான்சீ ஒக்ஸ்ஃபாம் கடைக்கு ‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஒஃப் கிரே’ நாவல் அளவுக்கு மீறி வந்துசேர, அவர்கள் அவற்றை அடுக்கிக் கோட்டையே கட்டினார்கள். அதில் ஒன்றை நான் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு ஓடியிருந்தால் வாசல் வரை வந்து கதவு திறந்துவிட்டிருப்பார்கள்.

விலை 50 பென்ஸ் என்று உங்கள் முகாமையாளர் அந்த இடத்திலேயே தீர்மானித்தார். இதில்தான் எனக்கு உயிர்ப்பயம் வந்தது. 1699இல் இந்த நாட்டில் ஒரு சட்டம் வந்தது. கடையிலிருந்து 5 ஷில்லிங் அல்லது அதற்கு மேற்பட்ட பெறுமதியுள்ள பொருளை மறைவாக எடுத்தால் தூக்கு. பழைய கணக்கில் 50 பென்ஸ் என்பது 10 ஷில்லிங். நான் இரண்டு தரம் தொங்கியிருப்பேன். மனச்சாட்சியுள்ள ஜூரிகள் எடுத்த பொருளின் பெறுமதியை 4 ஷில்லிங் 10 பென்ஸ் என்று வேண்டுமென்றே குறைத்துச் சொல்லி எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றினார்கள். 1810இல் சர் சாமுவேல் ரொமிலி அந்தத் தண்டனையை நீக்க முயன்றபோது பிரபுக்கள் சபை தடுத்தது. எதிர்த்து வாக்களித்தவர்களில் கன்டபரி பேராயரும் பிஷப்மார் சிலரும் இருந்தார்கள். அறத்தின் காவலர்கள் ஐந்து ஷில்லிங் சாமானுக்காக இப்படி வரிந்துகட்டுவது உங்களோடு தொடங்கியதல்ல. ஆறுதல் கொள்ளுங்கள்.

எனக்கும் நல்ல கூட்டு உண்டு. ஜேன் ஆஸ்டினின் மாமி, தாய்மாமனின் பெண்சாதி, திருமதி லீ பெரட். 1799இல் பாத் நகரத்துக் கடையொன்றில் அவர் கறுப்பு லேஸ் வாங்கினார். தெருவில் மறித்துப் பொதியைப் பிரித்தபோது, உள்ளே காசு கொடுக்காத வெள்ளை லேஸும் இருந்தது. 20 ஷில்லிங் பெறுமதி. கடைக்காரரே வைத்துக் கட்டினார் என்று அந்த அம்மா சொன்னார். வசதியான குடும்பத்துப் பெண், இல்செஸ்டர் சிறைக்காவலரின் வீட்டில் மாதக்கணக்காகக் கிடந்தார். குற்றவாளி என்று கண்டிருந்தால் தூக்கு, அல்லது ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல். 1800 மார்ச்சில் டோன்டனில் வழக்கு நடந்தது; ஜூரிகள் கால்மணி நேரத்துக்குள் விடுதலை என்றார்கள். அவருக்கு ஜூரி இருந்தது. என் வழக்கில் முறைப்பாட்டாளரும் நீதிபதியும் மதிப்பீட்டாளரும் ஒருவரே. அவர்தான் இடையில் கதிரையும் விற்றார்.

இனி வரிவிடயத்துக்கு வருவோம். இதில் நீங்கள் என்னைவிடப் படித்தவர்கள். நான் உங்களோடு கிஃப்ட் எயிட் பத்திரத்தில் கையெழுத்திட்டவள். என் ஒவ்வொரு பையிலும் என் கோட்டுக்குறி ஒட்டியிருக்கும். மருமகள் கொண்டுவந்த பையிலும் அதைத்தான் ஒட்டினாள். அந்தப் பத்திரத்தின் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்து வாசித்தேன். அந்த ஏற்பாட்டின்படி நீங்கள் என் சாமானுக்குச் சொந்தக்காரர் அல்ல; எனக்காக விற்றுத்தரும் முகவர். விற்றுமுடியும் வரை சாமான் என்னுடையது. விற்ற காசும் என்னுடையது; வேண்டாம், நீங்களே வைத்திருங்கள் என்று நான் விட்டுக்கொடுக்கும்போதுதான் அது தானம். பவுணுக்கு 25 பென்ஸ் அரசாங்கத்திடம் நீங்கள் வாங்குவது இந்த ஒரு நியாயத்தில்தான்.

ஆகவே அன்றைக்கு உங்கள் கடையில் நிலவரம் இப்படி. என் பையிலிருந்த சோசர் என்னுடையது. உங்கள் தட்டிலோ பின்னறையிலோ இருந்திருக்கக்கூடிய கோப்பையும் சட்டப்படி என்னுடையது. அதை நான் மடியில் கட்டிக்கொண்டு போயிருந்தால்கூட, 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம் கேட்கிற ‘நேர்மையற்ற எண்ணம்’ என்ற சங்கதிக்கு நீங்கள் எங்கே போவீர்கள்? என் சாமானை விற்றுத்தர நான் வைத்த ஆள், என் சாமானை நானே வைத்திருந்ததற்காக என்னைக் கதிரையிலிருந்து எழுப்பி விசாரித்திருக்கிறார்.

வாலாயமான மன்னிப்புக் கடிதம் எனக்கு வேண்டாம். ‘உங்களுக்கு அப்படித் தோன்றியிருந்தால் வருந்துகிறோம்’ என்ற வகையை உங்கள் கணினியே எழுதும். எனக்குத் தேவை மூன்று விடயங்கள். அன்றைய கமராப் பதிவு: என் உருவம் உள்ள பதிவைக் கேட்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எனக்கு உரிமை தருகிறது, உங்களுக்கு ஒரு மாதம் தவணை. சோசரைப் பையிலிருந்து எடுக்கிற பகுதியையும் சேர்த்து அனுப்புங்கள். அடுத்து, கோப்பை விலைப்பட்டதா என்ற தகவல். விலைப்படவில்லையென்றால் முகவர் ஒப்பந்தத்தை அந்த ஒரு கோப்பைக்கு மட்டும் முறித்துக்கொள்கிறேன். தபாலில் அனுப்புங்கள், குமிழ்த்தாள் சுற்றி. விலைப்பட்டதென்றால் அந்தக் காசுக்குக் காசோலை. உங்கள் பாராட்டுக் கடிதத்திலேயே 21 நாட்களுக்குள் சொன்னால் காசைத் திருப்பித் தருவதாகப் போட்டிருக்கிறீர்கள். இதோ சொல்லிவிட்டேன். மிச்சக் காசை வைத்திருங்கள்; பட்டினி கிடக்கிறவர்கள் உங்கள் முகாமையாளரை ஒன்றும் செய்யவில்லை.

மூன்றாவது, ஒரு நடைமுறைச் சிக்கல். மருமகள் இன்னும் இரண்டு பை கட்டிவைத்திருக்கிறாள்: கணவரின் கம்பளிக் கோட்டு, பேரனுக்குச் சின்னதாகிவிட்ட சப்பாத்துகள், ஒரு இடியப்ப உரல். உள்ளே வந்து தரத் தடை. விடியற்காலையில் வாசலில் வைத்துவிட்டு வரலாம் என்றால், 2010இல் பஸில்டனிலிருந்து உயர்நீதிமன்றம் வரை போன வழக்கொன்று இருக்கிறது. சரிட்டிக் கடை வாசலில் வைத்த பைகள் யாரும் கைவிட்ட பொருட்கள் அல்ல, கடை கைக்கொள்ளும் வரை வைத்தவருக்கே சொந்தம், இடையில் எடுப்பவர் கள்ளர் என்று தீர்ப்பானது. அப்படியானால் வைத்த பிறகு மழை வந்து, கோட்டு நனையுமே என்று நான் திரும்பிவந்து பையைத் தூக்கினால், என் பைதான். ஆனால் உங்கள் வாசல். உங்கள் முகாமையாளர் அதில் எந்தப் பாதியைக் காண்பார்?

பைகள் இப்போது எங்கள் வீட்டு நடையில் கிடக்கின்றன. போகவர எல்லோருடைய காலிலும் தடுக்குகின்றன. எந்தக் கதவுக்குக் கொண்டுவருவது என்று சுருக்கமாக ஒரு வரி எழுதுங்கள். அந்த விருதுப் பெடியனை அனுப்பி எடுப்பிப்பதென்றால் சனிக்கிழமை பத்து மணிக்குப் பிறகு அனுப்புங்கள், தேத்தண்ணி கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பதிவேடுகள் இரண்டிலும் பெயருள்ள
ஒரு வாடிக்கையாளர்