கெழவிக்குப் பயந்த பேராண்டிக்கு

ஏன்டா பேராண்டி, ராத்திரி மாடியில இருந்து நீ போட்ட சத்தத்துல கட்டுத்தறி மாடு மொளக்குச்சியப் புடுங்கிருச்சு. பாம்பு கீம்பு வந்துருச்சோன்னு கம்பத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தா, நீ போர்வைக்குள்ள செல்லப் புடிச்சுக்கிட்டுக் குத்தவச்சிருக்க. என்னடான்னு கேட்டா, கெழவி வந்துட்டாங்குற.

விசாரிச்சேன். கிரானின்னு பேராம், 2017-ல வந்த கேமாம். ஒரு கெழவி ஒன்னைய வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிருவா. அஞ்சு நாளுக்குள்ள சாவி சாமானெல்லாம் தேடிப் புடிச்சுத் தப்பிக்கணும். கைதவறி ஒரு சாமான் கீழ விழுந்தாப் போதும், எந்த மூலையில இருந்தாலும் கெழவிக்குக் கேட்டுரும், கட்டையத் தூக்கிட்டு வந்துருவா. கட்டிலுக்கடியிலயோ பீரோவுக்குள்ளயோ ஒளியணும். அட கூறுகெட்டவனே, கல்யாணமான நாள்ல இருந்து நான் இதத்தான ஆடிக்கிட்டிருக்கேன்! அடுப்படியில நான் கருப்பட்டி டப்பா மூடியத் தொட்டா, கொல்லையில வெறகு பொறக்குற ஒங்க அப்பத்தாவுக்குக் கேக்குது. "சக்கரை முந்நூறு இருக்கு, வையி அத"ன்னு அங்கிட்டிருந்தே ஒரு அதட்டு. எனக்கு அஞ்சு நாள் கெடுவும் கெடையாது, ஒளிய பீரோவும் கெடையாது.

நீ பயப்படுறது தப்புன்னு நான் சொல்லல. பயம் வேணும்னு ஆசப்பட்டுட்ட, காசும் குடுக்குற. அப்ப நல்ல சரக்காப் பாத்து வாங்குன்னுதான் சொல்றேன். மாங்கா ஏவாரம் பாத்த குடும்பம்டா நம்மது. கார்பைடு கல்லு வச்சுப் பழுத்தது எது, மரத்துல பழுத்தது எதுன்னு மோந்து பாத்தே சொல்லுவோம். கதவுக்குப் பின்னாடி இருந்து வெடுக்குன்னு ஒரு மூஞ்சி வந்து கத்துதே, அது கல்லு வச்ச பழம். மேல மஞ்சளா இருக்கும், உள்ள ஒண்ணுமிருக்காது. யாரு வேணாலும் கத்தலாம். பின்னாடி நின்னு சட்டித் தட்டுல கரண்டியால அடிச்சாக் கூடத்தான் நீ துள்ளுவ. அதுக்குப் பேரு பயமாடா?

மரத்துல பழுத்த பயம் எப்புடி இருக்கும்னு சொல்றேன் கேளு. அதுக்காகப் புளியமரத்துப் பேயக் கூப்புட மாட்டேன். நத்தத்துல மரத்துக்கு ஒரு பேய்னு கணக்குப் போட்டா மனுசனுக்கு ரேசன் அட்டை கெடைக்காது. நம்மூருப் புளி எங்கெங்கயோ போகுது. மூட்டையோட பேயும் ஏறிப் போச்சுன்னு எந்த ஏவாரியும் இதுவரைக்கும் புகார் சொல்லல.

நான் சொல்றது சாமக்கோடாங்கிய. எங்க சின்ன வயசுல, ஊரே அடங்குன பெறகு வருவாரு. சுடுகாட்டுல பூசை முடிச்சுட்டு நேரா ஊருக்குள்ள வர்றாருன்னு பேச்சு. மொதல்ல கடைக்கோடியில ஒரு நாய் கொலைக்கும். அடுத்த தெரு நாய் எதிர்ப்பாட்டுப் பாடும். அப்புறம் அம்புட்டு நாயும் ஒண்ணாச் சேந்து வாய மூடும். "வாயக் கட்டிட்டாரு"ன்னு எங்காத்தா போர்வைக்குள்ள முணுமுணுப்பா. அதுக்கப்புறந்தான் குடுகுடுப்பைச் சத்தம். ஒரு வாசல்ல நிக்கும். என்னமோ சொல்லும், வெளங்காது. அடுத்த வாசல். அப்புறம் சத்தமே இருக்காது. நம்ம வாசலத் தாண்டிப் போயிட்டாரா, இல்ல நம்ம வாசல்லதான் நிக்கிறாரா? எட்டிப் பாத்தவன் ரத்தங்கக்கிச் சாவான்னு சொல்லி வச்சிருந்தாய்ங்க. அதனால ஒருத்தனும் பாத்ததில்ல. மூச்ச அடக்கிக்கிட்டுக் கெடப்போம். விடிஞ்சு வெயிலேறுன பெறகு அதே மனுசன் பழைய கோட்டு ஒண்ணு போட்டுக்கிட்டு, தோள்ல துணி மூட்டையோட வந்து, அரிசி பருப்பு, பழந்துணி இருந்தாப் போடு தாயின்னு நிப்பாரு. பாத்தாப் பாவமா இருக்கும். ராத்திரி ரொம்பப் பயந்த வீட்டுலதான் மொறம் நெறைய அரிசி வரும்.

ஒரு நாளாவது அவரு கதவத் தட்டியிருப்பாரா? சன்னல்ல மூஞ்சியக் காட்டியிருப்பாரா? கெடையாது. காட்டியிருந்தா மறு வருசம் எவன் பயப்படுவான்? அவரு தொழில் தெரிஞ்ச ஆளு. இன்னொண்ணையும் கவனி. அவரு பயத்த மொதல்ல குடுத்துட்டு அப்புறம் கூலி கேட்டாரு. ஒங்க கம்பெனிக்காரன் கூலிய வாங்கிப் போட்டுட்டுத்தான் பயத்தையே அவுத்து விடுறான்.

இந்த நெளிவு சுளிவ ஜப்பான்காரன் புடிச்சுக்கிட்டான். 1999-ல கொனாமி கம்பெனி சைலன்ட் ஹில்னு ஒரு கேம் விட்டுச்சு. மகளக் காணோம்னு ஒரு அப்பன் தேடிப் போறான். போற ஊரு முழுக்க மூடுபனி. அந்தப் பனி எதுக்கு வந்துச்சு தெரியுமா? அன்னைக்கு இருந்த பிளேஸ்டேஷனுக்குத் தூரத்து வீட்டையும் தெருவையும் வரஞ்சு காட்டத் தெம்பில்ல. இல்லாத வீட்ட மறைக்கப் பனியப் போட்டு மூடுனாய்ங்க. அந்த வக்கத்த பனியப் பாத்துத்தான் ஒலகமே நடுங்குச்சு. அந்த அப்பன்கிட்ட ஒரு ரேடியோ. பிசாசு கிட்ட வந்தா கரகரங்கும். எங்கிட்டு இருந்து வருதுன்னு மட்டும் சொல்லாது. இன்னைக்கு மிசினுக்குச் சிறுமலையவே எல எலயா வரையத் தெம்பிருக்கு. ஆனா 2024-ல ரெண்டாம் பாகத்தப் புதுசாச் செஞ்சு விட்டப்பவும் பனியில கை வைக்கல. எடுத்துருந்தா அதுவும் ஒரு டவுனு, அம்புட்டுத்தான்.

எட்டாப்பத் தாண்டாத கெழவனுக்கு இதெல்லாம் எப்புடித் தெரியும்னு முழிக்காத. ஒங்கக்கா கம்ப்யூட்டர் படிச்சுட்டு ரெடிமேட் சட்டைக் கம்பெனியில கணக்கு எழுதுறா. பொழுதுசாய வந்து திண்ணையில ஒக்காந்தா நான் நச்சரிச்சுக் கேப்பேன். நீ ஆடத்தான் ஆடுற, அவ தெரிஞ்சு வச்சிருக்கா.

சுவீடன்ல பிரிக்சனல் கேம்ஸ்னு ஒரு சின்னக் கம்பெனி. 2010-ல அம்னீசியான்னு ஒண்ணு செஞ்சாய்ங்க. ஆரம்பிக்கும்போதே, இத ஜெயிக்கிறதுக்காக ஆடாதன்னு எழுதிப் போட்டுட்டாய்ங்க. பாழடைஞ்ச கோட்டை. கையில ஒரு குச்சி கூடக் கெடையாது. இருட்டுல நின்னாப் புத்தி பெசகும். வெளிச்சத்துல நின்னா அங்க சுத்துற சனியன் பாத்துரும். அத நீ உத்துப் பாத்தாலும் புத்தி பெசகும். எங்கிட்டுத்தான் போறது? அதுல தண்ணி தேங்குன நெலவறை ஒண்ணு வருது. அங்க ஒரு உருவமும் கெடையாது. தண்ணியில மட்டும் சளக், சளக்குன்னு காலடி ஒன்னைய நோக்கி வரும். பெட்டி பெட்டியாத் தாவித் தப்பிக்கணும். ஒங்கக்கா இத ஆடிக் காட்டுனப்ப நான் திண்ணையில காலத் தொங்கவிட்டு ஒக்காந்திருந்தேன். எப்ப மடக்கி மேல தூக்கி வச்சேன்னு எனக்கே தெரியல. வெளிய சொல்லிறாத.

2014 ஆகஸ்டுல வந்த பி.டி.ங்குற கேம் இன்னும் சிக்கனம். கேம் செய்யிற ஹிடியோ கொஜிமாவும் கில்லெர்மோ டெல் டோரோங்குற சினிமா டைரக்டரும் சேந்தது. ஒரே ஒரு நடை, எல் மாதிரி வளைஞ்ச நடை. நடந்து போயிக் கடைசிக் கதவத் தெறந்தா, மறுபடியும் அதே நடை. கடிகாரத்துல 23:59, நகரவே நகராது. ரேடியோவுல கொலைச் செய்தி. போன தடவை சாத்தியிருந்த குளிப்பறைக் கதவு இந்தத் தடவை லேசா ஒருக்களிச்சு இருக்கும். அம்புட்டுத்தான்டா! நம்ம வீட்டுலயும் அந்தக் கதவுத் தாப்பா சரியில்லாம ஒருக்களிச்சேதான் கெடக்கு. எவனாவது பயந்தானா? பெரிய கேமுக்கு முன்னோட்டமா இத இனாமாக் குடுத்தாய்ங்க. 2015-ல அந்தப் பெரிய கேமையும் கைவிட்டு, இனாமாக் குடுத்ததையும் கடையில இருந்து எடுத்துட்டாய்ங்க. அதுக்கு முன்னாடியே எறக்கி வச்சிருந்தவன் பழைய மிசின எக்கச்சக்க வெலைக்கு வித்தான். இல்லாமப் போன பேய்க்குத்தான் மவுசு கூட.

சினிமாவுலயும் பேய் இருக்கேன்னு கேப்ப. 2019-ல அஸ்வின் சரவணன் எடுத்தாரே கேம் ஓவர், தாப்ஸி நடிச்சது. அதுல அந்தப் புள்ள வீடியோ கேம் செய்யிறவ, இருட்டுன்னா அவளுக்கு ஆகாது. டிவியில அது ஓடும்போது ஒங்க அப்பத்தா "போகாதடி, போகாதடி"ன்னு கத்திக்கிட்டே வெத்தல மடிச்சா. அவ பேச்ச அந்தப் புள்ள கேக்கல, கேக்கவும் முடியாது. ஆனா நீ ஆடுற கேம்ல அந்தப் புள்ள யாரு? நீதான். ஒன் கட்டவெரல் அமுக்குனாத்தான் கால் நகரும். அமுக்காம வச்சுட்டு வந்து ரெண்டு இட்லி தின்னீன்னா, பேயும் அங்கனயே நின்னு ஒனக்காகக் காத்துக்கிட்டிருக்கும். போகாதன்னு நெஞ்சு சொல்லுது, போன்னு வெரல் அமுக்குது. கோடாங்கிச் சத்தம் கேட்டப்ப எங்களுக்குப் போர்வைக்குள்ள படுத்துக்கிட்டா முடிஞ்சுச்சு. ஒன்னையத்தான் கதவத் தெறந்துக்கிட்டுத் தெருவுக்கு வரச் சொல்றாய்ங்க. அந்த வகையில ஒங்க பயம் எங்க பயத்த விட ஒரு படி ஒசத்திதான், ஒத்துக்கிறேன். ஆனா அம்புட்டுத் தைரியமாக் கோட்டைக்குள்ள போயிட்டு வந்தவன், கொல்லைக்குப் போக என்னைய ஏன்டா எழுப்புற?

டென்மார்க்குல ஆர்ஹுஸ்னு ஒரு பல்கலைக்கழகம். அங்க ஆசைக்குப் பயப்படுறத ஆராயுறதுக்குன்னே ஒரு கூடம் வச்சிருக்காய்ங்களாம். மத்தியாஸ் கிளாசன்னு ஒரு பேராசிரியரு இருக்காரு. காசு வாங்கிக்கிட்டுப் பயங்காட்டுற பேய்வீட்டுக்குள்ள ஆள அனுப்பி, நெஞ்சுத் துடிப்ப அளந்து பாத்தாய்ங்க. கம்மியாப் பயந்தவனுக்கும் ருசிக்கல, ரொம்பப் பயந்தவனுக்கும் ருசிக்கல. நடுவாந்தரமாப் பயந்தவன்தான் சிரிச்சுக்கிட்டே வெளிய வந்தானாம். இதக் கண்டுபுடிக்கச் சம்பளமும் உண்டு. எனக்கு அதான் வயித்தெரிச்சல்.

அதே பல்கலைக்கழகத்து ஆளுகதான் ஸ்பெயின்ல சான் பெட்ரோ மன்ரிகேங்குற ஊருக்கும் போனாய்ங்க. அங்கயும் பூக்குழி எறங்குற வழக்கம் உண்டுடா. நெருப்புல நடந்தவன் நெஞ்சு எப்புடி ஏறி எறங்குச்சோ, அப்புடியே கரையில நின்ன அவன் சொந்தபந்தத்து நெஞ்சும் ஏறி எறங்கியிருக்கு. வேடிக்கை பாக்க வந்த வேத்தாளுக்கு அப்புடி இல்ல. 2011-ல இத எழுதி வெளியிட்டாய்ங்க. மாசித் திருவிழாவுல நம்ம மாரியம்மன் கோயிலுக்கு வந்திருந்தா துடிப்ப அளக்குற மிசினுக்கு அவசியமே இருந்திருக்காது. ஒங்கப்பன் பூக்குழி எறங்குன வருசம், ஒங்காத்தா முந்தானையப் பல்லுல கடிச்சுக்கிட்டு நின்னா. அவன் அக்கரை ஏறுன பெறகு பாத்தா, முந்தானையில பல்லுத் தடம் ஓட்டையா விழுந்திருந்துச்சு. அவ நெருப்புப் பக்கமே போகல. ஆகையால தனியா ஒக்காந்து ஆடாத. சித்தப்பன் மகன் ரெண்டு பேரையும் தோள்ல தொத்த வச்சுக்க. ஒரு கேம் காசுல மூணு பேரு பயந்தா அது மிச்சந்தான.

ஒண்ணுல மட்டும் எனக்குக் கேலி வரமாட்டேங்குது. 2017-ல ஹெல்பிளேடுன்னு ஒரு கேம், இங்கிலாந்துக்காரன் செஞ்சது. செனுவான்னு ஒரு பொண்ணு, அவ காதுக்குள்ள ஓயாமப் பேச்சுக் குரல். ரெண்டு காதுலயும் ஹெட்போன் மாட்டுனா பிடரிக்குப் பின்னாடி நின்னு ஆளுக பேசுற மாதிரியே இருக்கு. கேம்பிரிட்ஜுல பால் பிளெட்சர்னு மனநல டாக்டரு, அவருகிட்டயும், நெசமாவே அப்புடிக் குரல் கேக்குறவங்ககிட்டயும் கேட்டுக் கேட்டுச் செஞ்சாய்ங்க. நம்ம பக்கத்துல அப்புடிக் கேக்குதுன்னு சொன்னவங்கள என்ன செஞ்சோம்? வேப்பங்கொழையால அடிச்சோம், சங்கிலியில கட்டுனோம். 2001 ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில மனநோயாளிகள வச்சிருந்த கொட்டகை தீப்புடிச்சப்ப, சங்கிலியோட கெடந்து 28 பேரு செத்தாங்க. அதுல பேயோட வேலை ஒண்ணுமில்ல. அந்தக் கேம ஆடு. ஆனா அந்தப் பொண்ணு அலறுறதப் பாத்துச் சிரிச்சு வீடியோ போட்டீன்னா, அப்ப நான் கம்பத் தூக்குறது பாம்புக்கு இல்ல.

சரி விடு. அந்தக் கிரானியச் சின்னப் பயலுக கையில குடுக்காத. அதுக பாய நனச்சாத் தொவைக்கிறவ ஒங்காத்தா. நடுச்சாமம் வரைக்கும் ஆடிட்டுக் காலையில அரைத்தூக்கத்துல வண்டிய எடுத்துக்கிட்டுத் திண்டுக்கல் ரோட்டுல பறக்காத. கேம்ல செத்தா மறுபடி மொதல்ல இருந்து ஆடலாம். லாரிக்காரன்கிட்ட அந்த வசதி கெடையாது.

அடுத்து என்ன வாங்கலாம்னு ஒங்கக்காகிட்ட கேட்டியாமே, எங்கிட்ட கேளு. ஏலியன் ஐசொலேஷன் வாங்கு, 2014-ல வந்தது. பெரிய கப்பலு மாதிரி ஆகாசத்துல ஒரு நிலையம், அதுல ஒன்னையத் தேடி ஒரு ஏலியன். அதுக்கு ரெண்டு மூளை. ஒண்ணுக்கு நீ ஒளிஞ்சிருக்குற எடம் எப்பவுமே தெரியும், ஆனா பட்டுன்னு போட்டுக் குடுக்காது. அந்தப் பக்கமாப் போயிப் பாருன்னு சாடை மட்டும் காட்டும். இன்னொண்ணு கண்ணாலயும் காதாலயும் தேடித்தான் கண்டுபுடிக்கணும். ஊருல பொறணி பேசுறவளும், அதக் கேட்டுட்டுச் சண்டைக்கு வர்றவளும் இப்புடித்தான.

இதுல இன்னொரு விசேசம். திண்டுக்கல்லுல பழசா வாங்கியாந்தியே அந்த பிளேஸ்டேஷன் 4, அதுக்குன்னு ஒரு கேமரா உண்டு. அத மாட்டிட்டா நீ ஒக்காந்திருக்குற அறையில எழும்புற சத்தமும் ஏலியன் காதுக்குப் போகும். நீ இரும்பு அலமாரிக்குள்ள மூச்ச அடக்கிட்டு நிக்கும்போது இங்கன ஒரு சின்னச் சத்தம் வந்தாக் கூட அது திரும்பி வரும். காசு குடுத்துப் பயப்படுறதுன்னு ஆகிப்போச்சு, கேமராவுல போயிக் கஞ்சத்தனம் பாக்காத. மாங்காக் காசு வரட்டும், கொறையிறத நான் போட்டுத் தர்றேன்.

ஒரே ஒரு கண்டிசன். ஆடுற அன்னைக்கு என்னைய ஒன் பக்கத்துல ஒக்காத்தி வைக்கணும். நான் வாயே தெறக்க மாட்டேன், சத்தியமா. பொடிமட்டை மட்டும் எப்பவும் போல மடியில இருக்கும். அத ஒங்க அப்பத்தாவாலயே விடவைக்க முடியல. அப்புறம், நான் தும்முனா மூணு வீட்டுக்குக் கேக்கும்.