கூடுதல் பொறுப்புப்படி கோரி ஒரு மனு

நாள்: 18.6.2020

பெறுநர்: ஊரடங்கு ஆணைகளையும், அவற்றின் மை காயுமுன் அவற்றுக்கான திருத்தங்களையும் வெளியிடும் உயர் அலுவலர் அவர்கள், சென்னை.

பொருள்: கொரோனா ஊரடங்கு – மூடப்பட்ட நிறுவனங்கள் ஒரே வீட்டுக்கு மாற்றப்பட்டமை – கூடுதல் பொறுப்புப்படி கோருதல் – தொடர்பாக.

ஐயா,

மனுதாரர் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒண்டுக்குடித்தனத்தில் வசிப்பவர். பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை, நின்றால் திரும்ப முடியாத ஓர் அடுக்களை, நான்கு குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரு கழிவறை. குடும்பத்தில் ஐந்து பேர். மனுவை எழுதித் தருவது எதிர்க் குடித்தனத்துக்காரர். மனுதாரருக்கு உட்கார நேரமில்லை, உட்கார இடமும் இல்லை.

மார்ச் 24 மாலை ஆறு மணிக்கு 144 தடையுத்தரவு வந்தது. அன்றிரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, நள்ளிரவு முதல் 21 நாள் என்றார். பள்ளி, பட்டறை, டீக்கடை, சலூன் எல்லாம் மூடப்பட்டதாகத் தங்கள் பதிவேட்டில் இருக்கும். பதிவேட்டைத் திருத்திக்கொள்ளவும். அத்தனையும் மறுநாள் காலை மேற்படி பத்துக்குப் பன்னிரண்டில் திறக்கப்பட்டன.

முதலில் டீக்கடை. கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைத் தொழிலாளி. ஒரு நாளைக்கு ஆறு டீ குடிப்பவர் என்பது கல்யாணமாகி 23 ஆண்டு கழித்துத்தான் மனுதாரருக்குத் தெரிய வந்தது. ஆறும் இப்போது வீட்டு அடுப்பில். அத்தைக்குச் சர்க்கரை போடாமல் தனியாக ஒன்று. பால், தூள், காஸ் எந்தக் கணக்குத் தலைப்பில் வரும் என்பதற்கு ஆணையில் குறிப்பில்லை.

அடுத்து, பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்த மகனின் அலுவலகம். அதற்கு மேசை வேண்டும் என்றார்கள். வீட்டில் மேசை என்று சொல்லத்தக்கது மனுதாரரின் தையல் மிஷின் ஒன்றே. அதன் தலையை உள்ளே மடக்கிவிட்டு மேலே லேப்டாப் ஏறியது. ஜாக்கெட் தைத்து மாதச் சீட்டுக் கட்டியவரின் தொழிற்கூடம் இவ்வாறு கையகப்படுத்தப்பட்டது. நெடுஞ்சாலைக்கு நிலம் எடுத்தால்கூட நோட்டீஸ் கொடுப்பார்கள். முகக்கவசம் கட்டாயமானதும் அதே மிஷினை இரவு பதினொன்றுக்கு மேல் இறக்கி, பழைய ஜாக்கெட் பிட்டில் ஐந்து பேருக்கும் தைத்தார். மகன் மீட்டிங்கில் பேசும்போது குக்கர் விசில் அடிக்கக்கூடாது என்பது கம்பெனியின் எழுதப்படாத விதி. அரிசியிடம் அதை யார் சொல்வது என்று மனுதாரர் கேட்கிறார்.

பள்ளிக்கூட விவகாரம் சற்று நீளம். மகள் பத்தாம் வகுப்பு. மார்ச் 27-இல் தொடங்க வேண்டிய பரீட்சை ஏப்ரலுக்குத் தள்ளிப்போனது. பிறகு ஜூன் 1 என்றார்கள். அதுவும் போய் ஜூன் 15 ஆனது. ஒவ்வொரு தேதிக்கும் அந்தப் பெண் முதல் பாடத்திலிருந்து மறுபடி படித்தாள். ஒவ்வொரு தேதிக்கும் மனுதாரர் நாலு மணிக்கு எழுந்து விளக்குப் போட்டார். அந்த வெளிச்சத்தில் தூக்கம் கெட்ட மற்ற மூவரும் ஆளுக்கொரு டீ கேட்டார்கள். ஜூன் 9 அன்று பரீட்சை ரத்து, அனைவரும் தேர்ச்சி. ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பெருமூச்சு விட்டார்கள். மதிப்பெண் காலாண்டு, அரையாண்டிலிருந்து 80 சதவீதம், வருகைப் பதிவிலிருந்து 20 சதவீதமாம். மனுதாரரின் பள்ளியில் மூன்று மாதமாக எல்லாருக்கும் நூறு சதவீத வருகை. லீவு போடக்கூட எங்கும் போக முடியவில்லை. இதையும் கணக்கில் சேர்க்க வேண்டுகிறார்.

சலூன் வேலையையும் அவரே பார்த்தார். ஏப்ரல் கடைசியில் துணி வெட்டும் கத்தரியால் கணவருக்கு முடிவெட்டினார். அது பற்றி அதிகம் எழுத வேண்டாம் என்று கணவர் இங்கே குறுக்கிடுகிறார். ஜூனில் சலூன் திறந்தபோது ஆதார் கேட்டார்கள். எடுத்துப்போனார். அட்டையில் இருந்த தலைக்கும் வந்திருந்த தலைக்கும் பொருத்தம் பார்க்கவே கடைக்காரருக்குச் சிறிது நேரம் பிடித்ததாம்.

சுகாதாரத் துறையின் அறிவுரைகளை மனுதாரர் மதிக்கிறார். இருபது விநாடி சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஐந்து பேர், ஆளுக்குப் பத்து முறை, ஆயிரம் விநாடி. பதினேழு நிமிடக் குழாய்த் தண்ணீர். லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்துவைக்கும் வீட்டில் இதைக் குழாயில்லாமல் செய்ய வேண்டும். வீட்டுத் தனிமையில் இருப்போருக்குக் காற்றோட்டமான தனி அறை, கூடுமானால் தனிக் கழிவறை என்கிறது வழிகாட்டுதல். தனி அறை தேடி அத்தை வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தார். எட்டு விநாடியில் முடிந்தது. போனை எடுத்தாலே யாரோ இருமுவதால் அத்தை யாருக்கும் போன் செய்வதையும் நிறுத்திவிட்டார். அது அரசு விளம்பரம் என்று சொன்னால், "அரசுக்கே வந்துடுச்சா?" என்கிறார்.

ஏப்ரல் 24-இல் ஒரு திருத்தம். 26 முதல் நான்கு நாள் சென்னை முழுக்க அடைப்பு. கூட்டம் சேரக்கூடாது என்பதற்கான அந்த ஆணை, 25-ஆம் தேதி ஊரையே காய்கறிக் கடைக்குக் கூட்டிவந்தது. கணவர் மூன்று மணி நேரம் நின்று ஒரு பூசணிக்காயோடு வந்தார். நான்கு நாளும் பூசணி. மே முதல் வாரம் கோயம்பேடே மூடியபோது, அந்தப் பூசணியை நினைத்து எல்லாரும் ஏங்கினார்கள்.

நியாயமும் சொல்ல வேண்டும். ரேஷனில் ஆயிரம் ரூபாயும் அரிசி, பருப்பு, எண்ணெயும் வந்தன. வாங்கினார். மே 7-இல் மற்ற மாவட்டங்களில் டாஸ்மாக் திறந்தபோது சென்னையில் திறக்கவில்லை. தங்கள் ஆணைகளில் மனுதாரர் ஒரு வரியும் திருத்தம் கோராதது அது ஒன்றே.

நாளை முதல் ஜூன் 30 வரை மறுபடி முழு ஊரடங்கு. வண்டி கூடாது, இரண்டு கிலோமீட்டருக்குள் நடந்து போய்ச் சாமான் வாங்கலாம், கடை மதியம் இரண்டு மணி வரை. மனுதாரரை அந்த இரண்டு கிலோமீட்டருக்கு அனுப்ப யாரும் முன்வரவில்லை. அதற்கும் கணவரே போகிறார். ஊரடங்கில் வெளியே போகும் உரிமைக்கு வீட்டில் இப்போது அடிதடி. எனவே வாரம் ஒரு நாள், தனியாக, எதுவும் வாங்காமல், மணிக்கூண்டு வரை போய்வர மனுதாரர் பெயரில் ஓர் அனுமதிச் சீட்டு வழங்கக் கோருகிறார். பொறுப்புப்படி பிறகு வந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
மனுதாரருக்காக, எதிர்க் குடித்தனம்.

இணைப்பு: நெளிந்த எவர்சில்வர் தாம்பாளம் ஒன்று (22.3.2020, ஞாயிறு, மாலை 5 மணிக்கு நெளிந்தது). பிரதமர் சொற்படி தட்டியது கணவர். மாற்றுத் தாம்பாளம் கோரப்படுகிறது.