பச்சை போய் மஞ்சள் வந்தது

விருதுநகர்க் கரிசல் காடு மானாவாரி பூமி. மழை பெய்தால் பருத்தி, கம்பு, உளுந்து, பொய்த்தால் சீமைக்கருவேலம். அந்த முள்ளைப் பார்த்து சம்சாரி தலையில் கை வைப்பார். நில புரோக்கரோ கையெடுத்துக் கும்பிடுவார். அடங்கலில் வருஷா வருஷம் ‘தரிசு’ என்று ஏறிவிட்டால் போதும், விளைநிலம் என்று வாதாட ஆளில்லை. நில உபயோக வரைபடத்தில் விவசாயப் பச்சை குடியிருப்பு மஞ்சளாகும், மஞ்சள் வணிக நீலமாகும். காட்டில் விளையாதது ஃபைலில் விளையும்.

“மாற்றத்துக்கு ஆட்சேபனை கேட்டோமே, யாரும் சொல்லவில்லையே” என்பார்கள் அதிகாரிகள். கேட்டது வாஸ்தவம்தான். பேப்பரில் டெண்டர் அறிவிப்புக்கும் காணாமல்போன பத்திரத்துக்கும் நடுவே, சர்வே எண்ணும் உட்பிரிவும் மட்டும் எறும்பு எழுத்தில் போட்டுக் கேட்டார்கள். விடிந்ததும் பட்டாசு ஆலை வேனைப் பிடிக்க ஓடுகிற பெண் அதைப் படிக்கவில்லை என்றால் அது அவள் குற்றம்!

சர்க்காருக்குத் திட்டம் போடத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. சாத்தூர் பக்கம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பிஎம் மித்ரா ஜவுளிப் பூங்காவுக்கு 2023 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலைகள், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, சாலை, தொழிலாளருக்கு 10,000 படுக்கை விடுதி என்று ஒரு குட்டி நகரமே காகிதத்தில் எழுந்தாயிற்று. வரட்டும். பட்டாசு மருந்தைத் தொடாத வேலை ஒன்று வந்தால் இந்த வட்டாரத்தில் யாருக்குக் கசக்கும்? என் வயிற்றெரிச்சல் வேறு. இன்னும் வராத தொழிலாளிக்குக் கட்டில் எண்ணத் தெரிந்த அரசாங்கத்துக்கு, இருக்கிற பட்டாசுத் தொழிலாளி எந்த ரூமில் எத்தனை பேரோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று மட்டும் எண்ண வரவில்லை.

பட்டாசு ஆலைக்கும் வரைபடம் உண்டு, வெடிபொருள் துறை முத்திரையோடு. ரூமுக்கும் ரூமுக்கும் இத்தனை மீட்டர், உள்ளே இத்தனை பேர், குடியிருப்பு இத்தனை தூரம். அந்தக் காகிதம் ஆபீசில் பத்திரமாக இருக்கும். வெளியே வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து, ஃபேன்சி ரகத்துக்கு மருந்து அடைத்துக்கொண்டிருப்பார்கள். நாலு பேர் ரூமில் எட்டுப் பேர். லைசென்ஸ் ஒருவர் பெயரில், ரூம்கள் பல பேருக்கு உள்குத்தகையில். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி வெடிவிபத்து: ஏறத்தாழ நாற்பது உயிர். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம்: இருபதுக்கு மேல். 2023 அக்டோபரில் ரெங்கபாளையம். 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. ஒவ்வொரு முறையும் ஆய்வுக் குழு வரும், டேப் பிடிக்கும், சீல் வைக்கும். தீபாவளி ஆர்டர் குவிந்ததும் சீலுக்குக் கண் மூடிக்கொள்ளும்.

வீடு, கடை, தொழில் எல்லாம் ஒரே வளாகத்தில் என்று ரியல் எஸ்டேட்காரர்கள் நோட்டீஸ் அடிக்கிறார்கள். தாயில்பட்டி, விஜயகரிசல்குளம் பக்கம் வந்து பாருங்கள் ஐயா, எங்களிடம் அது பழைய சரக்கு. ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் தொட்டில், ஒரு மூலையில் மருந்து. 2021 ஜூனில் தாயில்பட்டியில் அப்படி ஒரு வீடு வெடித்து ஆட்கள் செத்தார்கள்.

மனை விவகாரம் தனிக் கூத்து. அங்கீகாரமில்லாத மனைக்குப் பத்திரம் போடாதே என்று 2016-இல் உயர் நீதிமன்றம் தடுத்தது. 2017-இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. கட்டணம் கட்டினால் பாவம் கழியும். கெடுவை நீட்டினார்கள், பிறகும் நீட்டினார்கள். சரி, மனையை வரன்முறை செய்யலாம். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மருந்துக் கிடங்கை எந்த விதியில் வரன்முறை செய்வீர்கள்?

2021-இல் திருத்தங்கலையும் சேர்த்து சிவகாசியை மாநகராட்சி ஆக்கியாயிற்று. ஊர் இன்னும் விரியும், மனைக்கல் நடுகிறவர்கள் ஆலை வேலி வரை வருவார்கள். ஆகவே சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைக்காரர்களே, அடுத்த நில உபயோக மாற்றத்துக்கு அறிவிப்பு வந்தால், சுற்றியுள்ள ஆலைகளின் பாதுகாப்பு எல்லையையும் அதே வரைபடத்தில் வரைந்து ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். மறுத்தால் ஆட்சேபனையை எழுதி, நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் போட்டு வாங்குங்கள். அடுத்த விபத்துக்கு ஆறுதல் சொல்ல வருகிறவர்களின் மூஞ்சிக்கு நேரே நீட்ட அந்தச் சீல் ஒன்றாவது உங்கள் கையில் இருக்கட்டும்.