கணக்குக் கேட்பவர்

கணக்குக் கேட்பவர் என்பவர், எல்லோரிடமும் கட்டாயமாக வாங்கிய காசு எல்லோரையும் கேட்காமல் செலவாகும் இடங்களில் தோன்றும் மனிதர். வட்டகொடை, தலவாக்கலை, பூண்டுலோயாப் பக்கத்தில் பாடசாலைக்கு ஒருவராவது இருப்பார்; இரண்டு பேர் இருந்துவிட்டால் பொதுக்கூட்டம் இருட்டிய பிறகுதான் கலையும். பதவி ஏதும் அவருக்குக் கிடையாது. கக்கத்தில் ஒரு சீ.ஆர். கொப்பி, அதற்குள் போன வருடத்து வரவு செலவு அறிக்கை, அதில் சிவப்புப் பேனையால் ஒரு வட்டம். வட்டத்துக்குள் இருப்பது எப்போதும் ‘இதர செலவுகள்’ என்ற வரிதான். அவர் எழுந்தவுடன் அதிபர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், பொருளாளர் தண்ணீர் கேட்பார், செயலாளர் கூட்டறிக்கையில் எதை எழுதாமல் விடலாம் என்று யோசிக்கத் தொடங்குவார்.

இவர் உருவாவது பெரும்பாலும் தரம் 9இல், வாணி விழாக் காலத்தில். வகுப்புக்கு வகுப்பு தலைக்கு இவ்வளவு என்று காசு சேரும். பூசை முடிந்ததும் கையில் கிடைப்பது வாழையிலைத் துண்டில் ஒரு பிடி கடலையும் கொஞ்சம் அவலும். மற்றப் பிள்ளைகள் அதைத் தின்பார்கள், இவர் எண்ணுவார். தலவாக்கலைக் கடைவீதியில் கடலை கிலோ என்ன விலை என்று விசாரித்து வந்து, மறுநாள் “மிச்சம் எவ்வளவு சேர்?” என்பார். “நீ போய் வெண்கட்டி எடுத்துட்டு வா” என்று பதில் வரும். பொதுநிதி பற்றி அவர் பெறும் முதல் அதிகாரபூர்வமான விளக்கம் அதுதான்.

இலங்கையில் 1945 முதல் கல்வி இலவசம். ஆயினும் வசதிகள் சேவைக் கட்டணம் உண்டு, பாடசாலை அபிவிருத்திச் சங்கச் சந்தா உண்டு, இல்ல விளையாட்டுப் போட்டி, ஆசிரியர் தினம், ஒளி விழா எல்லாவற்றுக்கும் தனித்தனி வசூலும் உண்டு. அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர் அதிபர். அங்கத்தவர்கள் பெற்றோர், ஆசிரியர், பழைய மாணவர். காசு பிள்ளையின் பெயரில் சேர்கிறது, பற்றுச்சீட்டும் பிள்ளையின் பெயரில் எழுதப்படுகிறது, வாக்கு மட்டும் அப்பாவுக்கு. அப்பா கூட்ட நாளன்று கவ்வாத்து மலையில் நிற்பார். அன்றைய வேலைக்குப் பேர் விழாமல் போனால் வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் அவர் கூட்டத்துக்கு வருவதில்லை. தீர்மானமோ ஏகமனதாக நிறைவேறிவிடுகிறது.

கணக்கு எங்கே என்ற இந்தக் கேள்விக்கு மலையகத்தில் ஒரு பூர்வீகம் உண்டு. பெரிய கங்காணி தோட்டத்துக்கு ஆளைச் சேர்த்துக்கொண்டு வந்த காலத்தில், தொழிலாளி பட்ட கடன் ‘துண்டு’ எனப்பட்ட ஒரு சீட்டில் எழுதப்பட்டது. கடன்பட்டவருக்கு அதை வாசிக்கத் தெரியாது. எழுதியவருக்கு அதுதான் வசதி. சட்டம் 1921இல் துண்டு முறையை ஒழித்தது. தோட்டத்தில் கணக்கப்பிள்ளை என்றே ஓர் உத்தியோகம் இருந்தும் கணக்கு மட்டும் லயத்துப் பக்கம் வந்ததில்லை. பிறகு சம்பளச் சீட்டு வந்தது: சேமலாப நிதிக்கு எட்டு வீதம், தொழிற்சங்கச் சந்தா, கோயில் காசு, தீபாவளி முற்பணம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைதான் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டும். கழித்தலை இப்படிக் கற்ற பிள்ளை பிற்காலத்தில் கணக்குக் கேட்காவிட்டால்தான் ஆச்சரியம்.

உயர்தர வகுப்புக்கு வந்ததும் அவருக்கு முதல்முறையாக ஆட்சி கிடைக்கிறது. உயர்தர மாணவர் மன்றத்தின் காசை மாணவரே சேர்த்து மாணவரே செலவழிக்கலாம். முதல் கூட்டத்தில் எழுந்து, 1914இல் மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்து 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போன சி.வி. வேலுப்பிள்ளையில் தொடங்கி, ரோல்ஸ் விலையில் முடிப்பார். எல்லாவற்றையும் கையுயர்த்தி முடிவெடுக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. கை உயரும். கிரிக்கெட் மட்டைக்குக் காசு போகும். வலைப்பந்தாட்டப் பிள்ளைகள் கிழிந்த பந்தோடு நிற்பார்கள். அவர்களும் அதே சந்தாவைக் கட்டியவர்கள்தான் என்பதை அந்த வயதில் அவர் கவனிப்பதில்லை.

பல்கலைக்கழகத்தில் இவர் முழு வளர்ச்சி அடைகிறார். 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள் சட்டம் மாணவர் சங்கங்களுக்கு இடம் தருகிறது. ஆனால் சங்கங்களில் இளம் பொருளாளர் மாணவர், பெரும் பொருளாளர் விரிவுரையாளர் என்று இருவர் இருப்பது வழக்கம். எனவே மாணவர் அதிகாரம் என்பது நடைமுறையில், காசோலையை எடுத்துக்கொண்டு பெரும் பொருளாளரை மாடி மாடியாகத் தேடுவது. பேராதனையில் தமிழ்ச் சங்கத்தின் ‘இளங்கதிர்’ போன்ற ஆண்டு மலர் கையில் கிடைத்தால் மற்றவர்கள் கவிதைப் பக்கத்தைப் புரட்டுவார்கள். இவர் விளம்பரங்களை எண்ணுவார்.

இங்கேதான் அவர் சவுத்வேர்த் வழக்கைக் கேள்விப்படுகிறார். விஸ்கான்சின் பல்கலைக்கழகச் சட்ட மாணவர் ஒருவர், தான் கட்டிய கட்டணம் தனக்குப் பிடிக்காத அமைப்புகளுக்குப் போகிறது என்று வழக்குப் போட்டார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2000இல் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னது: கட்டாயக் கட்டணம் வாங்கலாம், ஆனால் பங்கிடும்போது யாருடைய கருத்து என்ன என்று பார்க்கக்கூடாது. மாணவர் வாக்கெடுப்பு நடத்தி ஓர் அமைப்புக்குக் காசு கொடுப்பதும் மறுப்பதும் இந்த நடுநிலைக்கு ஒத்துவருமா என்றும் நீதிமன்றம் ஐயப்பட்டது. பெரும்பான்மைக்குப் பிடித்தவருக்கு மட்டும் என்றால் சிறுபான்மையிடம் வாங்கிய காசுக்கு என்ன நியாயம்? கணக்குக் கேட்பவர் இந்தத் தீர்ப்பை வருடக்கணக்காக மேற்கோள் காட்டுவார். கடைசிப் பகுதியை மட்டும் சொல்லமாட்டார். வலைப்பந்து அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்கும்.

பெண் கணக்குக் கேட்பவர் எண்ணிக்கையில் குறைவு, விளைவில் அதிகம். லயத்தில் மாதச் சீட்டுப் பிடித்துப் பழகியவர். யார் எத்தனையாம் சீட்டை எடுத்தார் என்பது கொப்பி இல்லாமலே தெரியும். கடைசி வாங்கில் இருந்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “மைக்செட்டுக்கு ஆறாயிரம்னு போட்டிருக்கீங்களே சேர், அந்தத் தம்பி எங்க வீட்டுக்காரரோட தம்பிதானுங்க. பள்ளிக்கூடத்துக்குன்னு சும்மா கட்டினேன்னு சொன்னிச்சே?” சவுத்வேர்த் வழக்கால் ஆகாதது இதில் ஆகிவிடும்.

இவரை அடக்கச் சங்கங்கள் கண்ட வழி, பொருளாளராக்கிவிடுவது. முன்மொழிபவர் எப்போதும் பழைய பொருளாளரே. முகத்தில் பெரிய நிம்மதி தெரியும். பதவியேற்ற மாதத்திலேயே புதியவருக்குச் சில உண்மைகள் புலப்படும். வாழையிலை விற்கும் அக்கா பில் கொடுப்பதில்லை. லொறிக்காரர் கொடுப்பதில்லை. தேங்காய்க்காரர் கொடுக்கிறார், சிகரெட் பெட்டியின் உட்புறத்தில். வருட முடிவில் இவற்றையெல்லாம் எங்கே எழுதுவது என்று இரவு முழுவதும் யோசித்து, விடிகாலையில் ‘இதர செலவுகள்’ என்று எழுதுவார்.

பதவியை மறுத்துக் கடைசிவரை கேள்வியோடு நிற்பவர்களும் உண்டு. இந்த இனத்தின் அசல் வகை அதுதான். பல வருடப் போராட்டத்தில் இவர்கள் பெற்றுத் தந்தது ஒன்று: சில பாடசாலைகளில் வரவு செலவு அறிக்கை அறிவித்தல் பலகையில் ஒட்டப்படுகிறது. அதை நின்று வாசிப்பவர் அவர் ஒருவரே. மூன்றாவது பத்தியில் ஒரு கூட்டல் பிழை இருக்கும். அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டு, அடுத்த கூட்டம் எப்போது என்று காரியாலயத்தில் விசாரிப்பார்.