ரெண்டே நிமிஷம் சார்

சென்னீர்குப்பம் பக்கம் எந்தக் கடை வாசலிலாவது தரையில் சக்கர நாற்காலிப் படம் வரைந்திருந்தால், அதன்மேல் கட்டாயம் ஒரு கார் நிற்கும். காரின் சொந்தக்காரருக்கு என்ன குறைபாடு என்று கேளுங்கள். 'ரெண்டே நிமிஷம் சார்' என்பார். நான்கு இண்டிகேட்டரும் சிமிட்டினால் மருத்துவச் சான்றிதழ் கிடைத்துவிட்டதாகப் பொருள். பேக்கரியில் பஃப்ஸ் சூடாக வரும்வரை குணமாகாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. பல சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு வேண்டும். சோம்பலும் கட்சிக்கொடியும் பட்டியலில் இல்லை.

சரி, யாருக்குத்தான் அந்த இடம்? பக்கத்துப் பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. "அவங்க கார் ஓட்ட மாட்டாங்களே, எதுக்கு?" என்பார் நம்மூர் மேதை. பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளின் பார்க்கிங்குக்குத் தரும் நீல பேட்ஜ் வண்டிக்கல்ல, ஆளுக்கு. அந்த ஆள் வண்டியில் வந்தால், யார் ஓட்டினாலும் செல்லும். இங்கிலாந்தில் 2019 முதல் வெளியே தெரியாத குறைபாடுகளுக்கும் அது உண்டு.

இங்கோ, பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் வந்தவர் சாக்கடை மூடிமேல் வண்டியை நிறுத்தி, ஊன்றுகோலை உருவுகிறார். வாட்ச்மேன் அவரிடம்தான் வருகிறார்: "கொஞ்சம் ஓரமா போடுங்கண்ணே."

அதே 2016 சட்டத்தின் 91-ஆம் பிரிவின்படி, மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகையை மோசடியாகப் பெற்றால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பார்க்கிங் அதில் சேருமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். அதற்குள் நீங்கள் வண்டியை எடுத்துவிடுங்கள்.