குறி செருகு படலம்

ஆரம்பகாலத் தட்டச்சுப்பொறிகள் பலவற்றில் 1 என்ற எண் கிடையாது. ஆங்கிலத்தின் சின்ன 'எல்' பார்க்க அப்படித்தானே இருக்கிறது, அதையே அடித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். ஒரு சாவி மிச்சம். ஆச்சரியக்குறியும் பலவற்றில் இல்லை. ஒற்றை மேற்கோளை அடித்து, கேரியேஜை ஓர் எட்டு பின்னால் தள்ளி, அதன் காலடியில் முற்றுப்புள்ளி வைத்தால் ஆச்சரியம் தயார். அந்தக் காலத்து அலுவலகக் கடிதங்களில் யாரும் எதற்கும் வியக்காததற்கு ஒழுக்கம்தான் காரணம் என்பார்கள். எனக்கென்னவோ சோம்பல் என்றே படுகிறது.

26 எழுத்துக்காரர்களே இப்படித் தவித்த பொறியில் 247 எழுத்தை ஏற்றக் கிளம்பினார் ஆர். முத்தையா. யாழ்ப்பாணத்துக்காரர், பிழைப்புக்காக மலாயா போனவர். அவர் கையாண்ட தந்திரம் நகரா விசை. புள்ளியை அடித்தால் கேரியேஜ் அசையாது. அடுத்து அடிக்கிற எழுத்து அந்தப் புள்ளிக்குக் கீழே வந்து உட்காரும். பொட்டை முதலில் வைத்துவிட்டு நெற்றியைக் கொண்டுவந்து பொருத்துகிற வேலை. தலைகீழ்தான், ஆனால் வேலை செய்தது. தெருவுக்கொரு இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் என்று தலைமுறைகளே அதில் விரல் தேய்த்தன.

பிறகு கணினி வந்தது. 1963இல் அமெரிக்கர்கள் கூடி ஆஸ்கி என்றொரு பட்டியல் போட்டார்கள். மொத்தம் 128 இருக்கை. பிரெஞ்சுக்காரனின் கொம்பு வைத்த எழுத்துக்கு இடமில்லை, ஆங்கிலேயனின் பவுண்டுக்கு இடமில்லை. சரி, அது அமெரிக்கத் தரம், அவர்கள் வீட்டுக் கல்யாணம் என்று விட்டுவிடலாம். ஆனால் அவர்களுடைய சொந்த சென்ட் குறியையும் வெளியே நிறுத்திவிட்டார்கள்! அப்போது அதிகம் பேர் சீந்தாத @ மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பின்னாளில் மின்னஞ்சல் வந்து அதற்கு ராஜயோகம் அடித்தது வேறு கதை.

1981இல் ஐபிஎம் தன் பிசியை இறக்கியபோது இருக்கை 256 ஆனது. இப்போதாவது உலகத்துக்கு நீதி கிடைத்ததா? கிடைத்தது, சிரிப்பு முகத்துக்கு. ஆல்ட் சாவியை அழுத்திக்கொண்டு 1 அடித்தால் ☺, 3 அடித்தால் ஆட்டின். சீட்டுக்கட்டின் நாலு ஜாதியும் உள்ளே. வாங் நிறுவனத்தின் சொற்செயலி இயந்திரங்களில் இந்தப் பொம்மைகள் இருந்தனவாம். என்றாவது ஒருநாள் அதைப்போல ஒரு மென்பொருள் செய்யவேண்டும் என்ற நினைப்பில் சேர்த்தோம் என்று பில் கேட்ஸே பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். 158ஆம் இருக்கையில் ஸ்பெயினின் பெசெட்டா ஜம்மென்று இருந்தது. எழுபது கோடியை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு தேசத்தின் ரூபாய்க்கு நின்று பயணம் செய்யக்கூட இடமில்லை.

பவுண்டு வேண்டுமா? ஆல்ட் 156. மனப்பாடம் செய்துகொண்டார்கள். விண்டோஸ் வந்தது, பவுண்டு 0163க்குக் குடிபெயர்ந்தது. பழைய எண்ணும் செல்லும், புதிய எண்ணும் செல்லும். முன்னால் பூஜ்யம் வைத்தால் ஒரு ஊர், வைக்காவிட்டால் வேறு ஊர். அதையும் வலப்பக்க எண் பலகையில்தான் அடிக்கவேண்டும், மேல் வரிசை எண்கள் தீண்டத்தகாதவை. அப்புறம் மடிக்கணினி என்று ஒன்றைச் செய்து, அதில் அந்த எண் பலகையையே வெட்டி எறிந்தார்கள். திட்டமிட்ட சதி என்று நான் சொல்லவில்லை.

இடையில் புத்திசாலிகளும் இருந்தார்கள். டெக் நிறுவனம் 1983இல் தன் விசைப்பலகையில் கம்போஸ் என்று ஒரு சாவி வைத்தது. அதைத் தட்டி, எழுத்தைத் தட்டி, கொம்பைத் தட்டினால் கொம்பு வைத்த எழுத்து. எண் இல்லை, மனப்பாடம் இல்லை. இவ்வளவு எளிதாக இருந்தால் எப்படிப் பிழைக்கும்? ஓரத்தில் நின்றுவிட்டது. ஆப்பிள்காரர்கள் ஆப்ஷன் சாவியைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சுகமாக இருந்தார்கள். 1989இல் வேர்ட்பெர்ஃபெக்ட் 5.1 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறிகளைக் கொடுத்து, அவற்றைத் தொகுதி எண், காற்புள்ளி, குறி எண் என்று கேட்டது. ரேஷன் கடையில்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள்.

மைக்ரோசாஃப்ட் வேர்டு இந்தத் துயரைக் கண்டு மனமிரங்கி ஒரு பெட்டியைத் திறந்தது. செருகு, குறி. நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் எறும்பு மாதிரி ஒரு குறி. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தேடிக் கண்டுபிடித்துச் செருகி முடிப்பதற்குள் என்ன எழுத வந்தோம் என்பது மறந்துபோகும். ஆகவே 1993இல் வேர்டு 6 முடிவு செய்தது: நீங்கள் கேட்கவே வேண்டாம், நாங்களே செருகிவிடுகிறோம். அடைப்புக்குறிக்குள் ஆங்கில 'சி' அடித்தால் © ஆகிவிடும். உலகெங்கும் வக்கீல்கள் ஏ, பி என்று உட்பிரிவு போட்டுக்கொண்டே வந்து, மூன்றாவது உட்பிரிவுக்குத் தங்களை அறியாமல் பதிப்புரிமை வாங்கினார்கள்.

முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்பு என்று அடித்தால் சிரிப்பு முகமாக மாற்றியதும் இதே உபகாரிதான். அந்த முகம் விங்டிங்ஸ் எழுத்துருவில் 'ஜே' என்ற எழுத்தின் இருக்கையில் குடியிருந்தது. அந்த எழுத்துரு எடுபடாத இடத்தில் திறந்தால் முகம் போய் ஜே மட்டும் நிற்கும். 'உங்கள் விடுப்பு அனுமதிக்கப்படவில்லை ஜே' என்று மேலதிகாரியிடமிருந்து வந்தால் அதில் என்ன உள்குத்து என்று ஊழியர்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சிரிக்காதீர்கள். ஒரு முகத்துக்கு அவர்கள் செய்ததை நாம் ஒரு மொழிக்கே செய்துகொண்டிருந்தோம். ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்து எழுத்துரு செய்தோம். பாமினியில் அடித்த 'வணக்கம்' அந்த எழுத்துரு இல்லாத கணினிக்குப் போனால் 'டி இசட் எஃப் அரைப்புள்ளி எஃப் கே அரைப்புள்ளி' என்று காட்சி கொடுக்கும். பத்திரிகைக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியேற்றம். சங்கம் வைத்து வளர்த்த மொழி அடுத்த மேசைக்குப் போனால் அரைப்புள்ளியாகிவிடும். 1999இல் சென்னையில் மாநாடு கூட்டி தமிழ்99 விசைப்பலகையை அறிவித்தார்கள். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முன்னதற்குத் தானே புள்ளி வைத்துக்கொள்ளும் நல்ல பலகை. நம்மவர்கள் அதை மனமாரப் பாராட்டிவிட்டு 'அம்மா'வை ஆங்கில எழுத்தில் அடிக்கப் போய்விட்டார்கள்.

கல்யாணப் பத்திரிகையில் ௵, ௴, ௳ பார்த்திருப்பீர்கள். பத்திரத்தில் ௸ பார்த்திருப்பீர்கள். அச்சுக்கோப்பவரின் ஈய எழுத்துகளும் கணக்குப்பிள்ளையின் பேனாவும் காப்பாற்றி வந்த இந்தப் பரம்பரைக்கு 2003இல் யூனிகோடு இடம் கொடுத்தது. கூடவே தமிழின் ரூபாய்க் குறி ௹. இருக்கை கிடைத்தது. தட்டும் வழிதான் விசைப்பலகைக்கு விசைப்பலகை வேறு. தேடிப்போனவர்களில் பலர் பாதி வழியில் 'வருடம்', 'மாதம்' என்று முழுதாக அடித்துவிட்டுத் திரும்பினார்கள்.

ஆறு வருடம் கழித்து, தேசத்துக்கு ஒரு ரூபாய்க் குறி வேண்டுமென்று டெல்லிக்குத் தோன்றியது. போட்டி வைத்தார்கள், பரிசு இரண்டரை லட்சம். 2010 ஜூலை 15 அன்று உதயகுமார் என்ற தமிழர் வரைந்த ₹ அமைச்சரவையின் ஒப்புதல் பெற்றது. வரைந்தாயிற்று, தட்டுவது எப்படி? மங்களூர் நிறுவனம் ஒன்று சில நாட்களிலேயே ஒரு எழுத்துரு விட்டது. டேப் சாவிக்கு மேலே, யாரும் தொடாத சாய்கோட்டின் இடத்தில் ரூபாய் உட்கார்ந்தது. ஆமாம், மறுபடியும் அதே தந்திரம். நீங்கள் அனுப்பிய ஐந்நூறு ரூபாய், எழுத்துரு இல்லாதவருக்கு ஈ எச்சமிட்ட ஐந்நூறாகப் போய்ச் சேர்ந்தது. அக்டோபரில் யூனிகோடு தனி இடம் கொடுத்தபின் வலப்பக்க ஆல்ட்டுடன் 4 என்று வழி பிறந்தது. அதுவும் கணினியின் அமைப்பில் இந்திய ஆங்கிலப் பலகையைத் தேர்ந்திருந்தால் மட்டும். இல்லையென்றால் வேர்டில் 20பி9 என்று அடித்து, ஆல்ட்டோடு எக்ஸ் தட்டுங்கள். பக்தர்கள் இதைவிடக் கடினமான மந்திரமெல்லாம் சொல்கிறார்கள்.

2025 மார்ச்சில் தமிழக அரசு தன் பட்ஜெட் இலச்சினையில் ₹ இருந்த இடத்தில் 'ரூ' போட்டது. கொதித்தெழுந்தது தேசம். வரைந்தவர் தமிழர், அதுவும் முன்னாள் தி.மு.க. சட்டமன்ற உறுப்பினரின் மகன் என்று ஒரு பக்கம் சுட்டிக்காட்ட, தாய்மொழி என்று மறுபக்கம் முழங்க, தொலைக்காட்சிகளில் அனல் பறந்தது. வாதாடியவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் குறியைத் தட்டத் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. பட்ஜெட்டுக்கு மறுநாள் தமிழ் நாளிதழ்கள் அதன் தொகைகளை அச்சிட்டன. ₹ பிறப்பதற்கு முன்பு எப்படியோ அப்படியே, 'ரூ.' என்று.